நகம் பார்க்கும் பழக்கம்

போன வாரம் அஸ்தம்பட்டியில் டவுன் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறி, ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் பிள்ளையுமாகத் தள்ளாடினாள். "இங்க குடு கண்ணு" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் ஊர் பஸ்ஸில் இது ஒன்றும் புதிதில்லை. பையையும் பிள்ளையையும் உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவிட்டு நிற்பதுதான் வழக்கம். எட்டு மாதம் இருக்கும். கொழுகொழுவென்று, நெற்றியில் பெரிய மைப்பொட்டோடு இருந்தது. நான் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் கையை விரித்து நகத்தைப் பார்த்தேன். பத்து நகத்தையும். அப்புறம் கட்டைவிரலால் கீழுதட்டை லேசாக இழுத்து உள்பக்கம் பார்த்தேன். நல்ல சிவப்பு. சரி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டபோதுதான் அந்தத் தாய் என்னையே கவனித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. "என்னக்கா பாக்கறீங்க?" என்றாள். "பல்லு மொளைச்சிருக்கான்னு பாத்தேன்" என்றேன். அவள் நம்பவில்லை. நிறுத்தம் வருவதற்கு முன்பே பிள்ளையை வாங்கிக்கொண்டாள். இறங்கும்போது அதன் நெற்றி மை அழிந்துவிட்டதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவள் என்னைத் தப்பாக நினைத்ததில் வருத்தமில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் ஒரு குழந்தை மடியில் வந்து உட்கார்ந்ததும் கொஞ்சத் தோன்றாமல் சோதிக்கத் தோன்றுகிறதே, இது எப்போது என் கைக்கு வந்தது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. பிறக்கும்போதே இதயத்தில் கோளாறு. டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்று பெயர். 1888-இல் பிரான்சில் ஃபாலோ என்ற டாக்டர் விவரித்து எழுதியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. கேட்பவர்களிடம் "ஹார்ட்ல ஓட்டை" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் தெளிந்துவிடும். "ஓட்டைதானே, எங்க சின்ன மாமனார் பேரனுக்குக்கூட இருந்துச்சு, தானா மூடிக்கிச்சு" என்பார். உண்மைதான், சின்ன ஓட்டைகள் பல, பிள்ளை வளர வளரத் தானாக மூடிக்கொள்ளும். இவளுக்கு இருந்தது ஓட்டை மட்டுமில்லை. கீழறைகள் இரண்டுக்கும் நடுவே பெரிய ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் அடைப்பு, உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகிற, இரண்டு அறைகளுக்கும் பொதுவாக நடுவில் ஏறி உட்கார்ந்த மகாதமனி, அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தடித்துப்போன வலது அறைச் சுவர். நான்கும் ஒரே வீட்டுக் கோளாறு. அடைப்பு இருக்கிற வழியில் போக முடியாத, ஆக்சிஜன் குறைந்த கெட்ட ரத்தம், ஓட்டை வழியாகக் குறுக்கே புகுந்து உடம்புக்கே போய்விடும். அதனால்தான் பிள்ளை நீலம் பாரிக்கிறது.

நீலம் என்று சொல்கிறோமே தவிர, எங்கள் வீட்டு நிறத்துக்கு நீலம் நீலமாகத் தெரியாது. கறுப்பாகத்தான் தெரியும். அழும்போது உதட்டைச் சுற்றிக் கறுக்கும். "அப்பன் நெறம், வெயில்ல வேற கறுத்துப்போச்சு" என்பார் அத்தை. ஒரு கிளினிக்கில் சளி என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். பதினாலாம் வாரத் தடுப்பூசிக்குப் போனபோது, ஸ்டெதாஸ்கோப்பை வைத்த டாக்டர் அதை எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். பிறகு பாப்பாவின் கையைப் பிடித்து, விரல்நுனியை என் விரல்நுனிக்குப் பக்கத்தில் வைத்தார். "நகத்தைப் பாருங்கம்மா. நம்ம மாதிரிப் பிள்ளைங்களுக்குத் தோல் சொல்லாது. நகம், நாக்கு, உதட்டோட உள்பக்கம், இந்த மூணும்தான் சொல்லும்." அன்று பார்க்கத் தொடங்கியதுதான். ஆயிரம் குழந்தைக்கு எட்டு ஒன்பது பேர் ஏதோ ஒரு இதயக் கோளாறோடு பிறக்கிறார்கள் என்றும் அவரே சொன்னார். ஆறுதலுக்குச் சொல்லியிருப்பார். நான் அதை வைத்துத்தான் பஸ்ஸில் ஊரார் பிள்ளைகளின் நகத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கீழே வெயில், மேலே மலை

எடை பத்து கிலோவாவது வரட்டும், அப்புறம் ஆபரேஷன் என்றார்கள். அந்த இரண்டு வருடம் சேலத்தில் ஒரு நீலக் குழந்தையை வைத்திருந்தது தனிக் கதை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உடம்பு தானாகவே அதிகம் சிவப்பணு உண்டாக்கும், ரத்தம் கெட்டியாக இருக்கும். நீர் வற்றினால் இன்னும் கெட்டிப்படும், கட்டி உறைந்து மூளைக்குப் போனால் ஆபத்து. வயிற்றுப்போக்கை விடாதீர்கள், வெயிலில் விடாதீர்கள், தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்பார்கள். சித்திரையில் சேலத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நாலு பக்கமும் மலை நிற்க, நடுவில் ஊர் தோசைக்கல் மாதிரி கிடக்கும். நாங்கள் இருப்பது கண்ணங்குறிச்சியில். மொட்டைமாடிக்குப் போனால் சேர்வராயன் மலை முழுசாகத் தெரியும். ராத்திரியில் ஏற்காடு ரோட்டில் வண்டி விளக்குகள் வளைந்து வளைந்து ஏறும். ஊரில் எல்லோரும் பிள்ளைக்கு வேர்க்குரு வந்தாலே மேலே கூட்டிப்போய்விடுவார்கள். எங்களால் முடியாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 85 சதவீதம்தான். உங்களுக்கும் எனக்கும் அது ஒன்றுமே இல்லை. ஆக்சிஜன் அளவு எண்பதுகளில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்தப் பதினைந்து சதவீதம் பெரிது. "ஆபரேஷன் முடியட்டுமே, மலை எங்கேயும் போயிடாது" என்றார் டாக்டர். இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிற மலையை இரண்டு கோடை முழுக்க மாடியிலிருந்தே பார்த்தோம்.

ரத்தப் பரிசோதனையில் ஒருமுறை ஹீமோகுளோபின் 12 என்று வந்தது. லேப்காரர் "சூப்பரா இருக்குங்க" என்றார். நானும் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, இவளுக்கு இது ரத்தசோகை என்று இரும்புச்சத்து மருந்து எழுதினார். மற்ற பிள்ளைக்கு நல்ல எண் என் பிள்ளைக்குக் குறை. எந்த அளவுகோலை வைத்து இவளைப் பார்ப்பது என்ற குழப்பம் அன்று ஆரம்பித்தது, இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை.

பூனை உறுமுவது போல

பாப்பாவின் நெஞ்சில், இடப்பக்கம் எலும்போரமாக உள்ளங்கையை வைத்தால் உள்ளே ஒரு அதிர்வு தெரியும். பூனையைத் தடவினால் உறுமுமே, அந்த மாதிரி. முதலில் எனக்கு அது பயம். அப்புறம் அதுவே பழகிப்போய், ராத்திரியில் அதன் மேல் கை வைத்தால்தான் தூக்கம் வரும். ரத்தம் குறுகலான வழியில் பீய்ச்சிக்கொண்டு போகிற சத்தம் அது என்று ஸ்கேன் எடுத்தவர் விளக்கினார். "சத்தம் இருக்கேன்னு கவலைப்படாதீங்க, சத்தம் இருந்தா ரத்தம் போகுதுன்னு அர்த்தம்" என்றார். அவர் சொல்லாமல் விட்ட மறுபாதியை நான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தெரிந்துகொண்டேன்.

அத்தை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். ஒன்றே முக்கால் வயது. சீயக்காய் கண்ணில் பட்டு அழுதாள். எல்லாப் பிள்ளையும் அழும் அழுகைதான். துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தபோது அழுகை வித்தியாசமாக இருந்தது, ஆழமாக மூச்சை இழுத்து இழுத்து. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. பிறகு அழுகையும் நின்றது, கழுத்து தொய்ந்தது. நெஞ்சில் கை வைத்தேன். உறுமல் இல்லை. இதயம் வேகமாக அடிப்பது தெரிகிறது, ஆனால் அந்த அதிர்வு இல்லை. குறுகலான வழி அப்படியே சுருங்கி மூடிக்கொண்டுவிட்டது என்று பிற்பாடு விளங்கிக்கொண்டேன். அப்போது அதெல்லாம் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்: இப்படி ஆனால் பயந்து ஓடாதீர்கள், முதலில் இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு அழுத்திப் பிடியுங்கள். பிடித்தேன். எண்ணெய் போகாத உடம்பு வழுக்கியது. ஈரத்துண்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவளை உருண்டை மாதிரி மடக்கி என் மேல் அழுத்திக்கொண்டேன். அத்தை மாரியாத்தா மாரியாத்தா என்று சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. எவ்வளவு நேரமோ தெரியாது. என் உள்ளங்கைக்கு அடியில் முதலில் விட்டுவிட்டு, பிறகு தொடர்ந்து, அந்த உறுமல் திரும்பி வந்தது. அப்புறம்தான் ஆட்டோ, ஆஸ்பத்திரி, ஆக்சிஜன் எல்லாம். வீட்டுக்கு வந்தபோது, இப்படி மறுபடி வராமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். நாலாக உடைத்து, ஒரு துண்டை ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். ஆபரேஷன் தேதியும் முன்னால் வந்தது.

முழங்காலை மடக்குவதில் என்ன இருக்கிறது? வாய்க்காலில் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த மடைக்கு ஏறும் இல்லையா, அதுதான். காலை மடக்கி அழுத்தினால் உடம்புக்குப் போகும் ரத்தத்துக்கு எதிர்ப்பு கூடும். குறுக்கே ஓடிக்கொண்டிருந்த ரத்தம் வேறு வழியில்லாமல் நுரையீரல் பக்கம் திரும்பும். இது தெரிந்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவள் இதைத் தானாகவே செய்துகொண்டிருந்தாள். நாலு எட்டு ஓடுவாள், டக்கென்று குந்திக்கொள்வாள். முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பாள். எழுந்து மறுபடி நாலு எட்டு. கடைக்குக் கூட்டிப்போனால் வழியில் பத்துத் தடவை குந்துவாள். "சோம்பேறிக் கழுதை, எந்திரி" என்று கையைப் பிடித்துத் தூக்கி நடத்தியிருக்கிறேன். ஒன்றிரண்டு தடவை முதுகில் ஒரு தட்டும் தட்டியிருக்கிறேன். இந்தக் கோளாறு உள்ள பிள்ளைகள் இப்படிக் குந்துவதை மருத்துவப் புத்தகங்களில் அடையாளமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நாற்காலியிலேயே வளர்கிற ஊரில் ஒரு பிள்ளை நடுத்தெருவில் குந்தினால் கண்ணில் படும். இங்கே யாருக்குப் படும்? அத்தை குந்தித்தான் கீரை ஆய்வார். பூக்காரம்மா, பஸ்ஸுக்கு நிற்பவர்கள், டீக்கடை வாசலில் பேப்பர் படிப்பவர் எல்லோரும் குந்தித்தான் இருக்கிறார்கள். அவளும் நம்மில் ஒருத்தி மாதிரி குந்தியிருந்தாள். ஒன்றரை வயதில் யாரும் சொல்லித்தராமல் தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்ட பிள்ளையைத்தான் நான் எந்திரி எந்திரி என்று இழுத்திருக்கிறேன். இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

ஆபரேஷனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்கிறார், நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இல்லையென்றால் நினைத்தே பார்த்திருக்க முடியாது. வருமானச் சான்றுக்கு அலைந்தது, கோயம்புத்தூர் போனது, பாப்பாவின் கொலுசைக் கழற்றி ஒரு காகிதக் கவரில் போட்டு நர்ஸ் என் கையில் கொடுத்தது, அவ்வளவுதான் வரிசையாக ஞாபகம் இருக்கிறது. அந்த ராத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனில் படித்துக்கொண்டிருந்தேன். 1944 நவம்பர் 29, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நீலக் குழந்தைக்கு முதல்முறையாக ஒரு ஆபரேஷன். செய்தவர் பிளாலாக். அந்த யோசனையைக் கொடுத்தவர் ஹெலன் டாசிக் என்ற பெண் டாக்டர். அவருக்குக் காது கேட்காமல் போய்விட்டதால் பிள்ளைகளின் இதயத்தை விரல்நுனியால் தொட்டுத் தொட்டே நோயைக் கண்டுபிடிப்பாராம். நாய்களுக்குச் செய்து பார்த்து முறையை உருவாக்கியவர் விவியன் தாமஸ். டாக்டர் பட்டமில்லாத கறுப்பின உதவியாளர். அன்று பிளாலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று சொல்லச் சொல்ல, அவர் தைத்தாராம். உள்ளே என் பிள்ளைக்குச் செய்துகொண்டிருந்தது அந்த ஆபரேஷன் இல்லை. ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைத்து, அடைப்பை வெட்டி அகலப்படுத்துகிற முழு ஆபரேஷன், அது 1954-இல் வந்தது. ஆனாலும் அந்த ராத்திரி எனக்குத் துணையாக இருந்தது விரல்நுனியால் கேட்ட அந்த அம்மாள்தான். என் உள்ளங்கையையும் யாரோ ஒருத்தர் மதித்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு தூக்குவதை எல்லோரும் புதிதாகக் கற்றுக்கொண்டோம். நடுநெஞ்சு எலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரத்துக்கு அக்குளில் கை கொடுத்துத் தூக்கக்கூடாது, கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. ஒரு கை பிட்டத்துக்கு அடியில், ஒரு கை முதுகில், மாவுப் பாத்திரத்தை ஏந்துகிற மாதிரி ஏந்த வேண்டும். நாம் பிள்ளை தூக்குவதே அக்குளில்தானே! அத்தை முதல் வாரம் அவளைத் தொடவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்து பார்த்தால், ஒரு தலையணையைச் சுருட்டி அதை ஏந்தி ஏந்திப் பழகிக்கொண்டிருந்தார். கோட்டை மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தார். வெள்ளிக்கடையில் கண் இருக்கிறது, கை கால் இருக்கிறது, வயிறுகூட இருக்கிறது, நெஞ்சுக்கென்று தனியாகத் தகடு இல்லை. "முழு உருவமா வாங்கிக்கங்க, எல்லாம் அதுல அடக்கம்" என்று கடைக்காரர் விற்றுவிட்டார். நல்ல வியாபாரி.

யார் சொன்னது?

எல்லோரும் கேட்பது "இப்பச் சரியாயிடுச்சில்ல?" என்பதுதான். ஆமாம் என்றுதான் சொல்கிறேன். நகம் சிவந்தது, நுனி உருண்டிருந்த விரல் மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்கு வந்தது, எடை ஏறியது. ஆனால் இது பழுதுபார்த்த இதயம். அடைப்பை அகலப்படுத்திய இடத்தில் வால்வு கசிகிறது. வருடம் ஒருமுறை எக்கோ என்கிற இதய ஸ்கேன். பெரியவளான பிறகு எப்போதோ ஒரு வால்வு வைக்க வேண்டியிருக்கலாம். இப்போது சிலருக்கு நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகவே வைக்கிறார்கள். இதையெல்லாம் கல்யாண வீட்டில் சாம்பார் ஊற்றும் இடைவெளியில் விளக்க முடியுமா? ஆமாம், சரியாயிடுச்சு.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இதய ஆபரேஷன் ஆன பிள்ளை, ஓட விடக்கூடாது, விளையாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று இரண்டு வரிக்கும் அடிக்கோடு போட்டிருந்தேன். பி.டி. பீரியடில் அவளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார்கள். மற்ற பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலுக்குக் காவல். முதலில் அவளுக்கு அது பெருமை. எந்த பாட்டில் யாருடையது என்று வீட்டில் வந்து ஒப்பிப்பாள். பிறகு ஒப்பிப்பது நின்றது. எனக்கு அது நிம்மதியாகத்தான் பட்டது. வீட்டிலும் அதே கதைதான். அவள் அப்பா தன் கையால் முத்து வைத்துச் செய்த கொலுசைப் போட்டிருப்பாள். அடுப்படியில் இருந்தபடியே சத்தத்தை வைத்து அவள் நடக்கிறாளா ஓடுகிறாளா என்று சொல்லிவிடுவேன். வேகம் கூடினால் "மெதுவா!" சத்தம் நின்றால் கரண்டியோடு ஓடுவேன்.

இந்த ஏப்ரலில் எக்கோவுக்குப் போனோம். டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டே, "நல்லா ஓடுறாளா?" என்றார். "விடுறதே இல்லீங்க டாக்டர்" என்றேன், நல்ல மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி. அவர் திரும்பினார். "யார் சொன்னது?" எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பழைய ஃபைலை முழுக்கப் புரட்டினேன். ஆபரேஷனுக்கு முன்னால் எழுதிய தாளில் இருந்தது. ஆறு வாரத்துக்கு என்று ஒரு தாளில் இருந்தது. அதற்கு அப்புறம் நாலு வருடத்தில் ஒரு தாளிலும் இல்லை. "களைச்சா அவளே உட்காருவா, நீங்க உட்கார வைக்க வேண்டாம். ஏற்காடு பக்கத்துலதானே இருக்கீங்க, கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மே மாதம் கோடை விழாக் கூட்டம் வருவதற்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவு. அவள் ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணினாள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டுகிற ஆக்சிமீட்டரை நான் கைப்பையில் போட்டிருந்தேன். ஐந்து வளைவுக்கு ஒருமுறை விரலில் மாட்டிப் பார்த்தேன். 98, 97, 97, 96. பக்கத்தில் இருந்தவர் டிக்கெட் மெஷினைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "மேடம், வாந்தி வந்தா அது காட்டுமா?" என்று வேறு கேட்டார். ஏரியில் படகு, மிளகாய் பஜ்ஜி எல்லாம் முடித்து, காபித் தோட்டத்தை ஒட்டிய ஒரு மண்பாதையில் நடந்தோம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. மேட்டுப்பாதை. வீட்டுக்காரர் "விடு" என்று கண்ணைக் காட்டினார். விட்டேன். அவள் ஓடினாள், கொலுசு குலுங்கக் குலுங்க. முப்பது அடி தூரம் போனதும் சத்தம் நின்றது. பார்க்கிறேன், பாதை நடுவில் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். முழங்காலில் மோவாய்.

நான் எப்படி அந்த மேட்டில் ஏறினேன் என்று தெரியாது. செருப்பு ஒன்று வழியிலேயே கிடந்தது. பின்னாலிருந்து அவளை அள்ளி, இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு மடக்கி அழுத்திக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். பை கவிழ்ந்து சில்லறையும் மாத்திரை அட்டையும் பாதையில் உருண்டன. பதினாறு கிலோ பிள்ளை, உருண்டையாக மடிய மறுத்தாள். "விடும்மா, விடு! எறும்பு போயிரும்!" என்று திமிறினாள். பார்த்தால், ஒரு ஈசல் இறக்கையை நாலைந்து எறும்பு சேர்ந்து பாய்மரம் மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பாதையைக் கடந்துகொண்டிருந்தது. நகத்தைப் பார்த்தேன். மண் ஒட்டியிருந்தது, மண்ணுக்கு அடியில் சிவப்பு. நெஞ்சில் கை வைத்தேன். ஓடி வந்த பிள்ளைக்கு எப்படி அடிக்குமோ அப்படித்தான் அடித்தது.

அவள் என் பிடியிலிருந்து நழுவி மறுபடி குந்திக்கொண்டாள். கீழே கிடந்த ஆக்சிமீட்டரை எடுத்துத் துடைத்து, என் சுட்டுவிரலில் மாட்டினாள். எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. 96 என்று காட்டியது. அதற்குக் கீழே நாடித்துடிப்பு 141. எண்களைப் படிக்கத் தெரியும் அவளுக்கு. "அம்மா, உனக்குத்தான் ரொம்ப வருது" என்றாள். பிறகு, "நீயும் குந்து, சரியாப் போயிரும்" என்றாள். இதை அவளுக்கு யார் சொன்னது? நாங்கள் யாரும் சொன்னதில்லை. அவளுக்கு இரண்டு வயதில் நடந்தது எதுவும் ஞாபகமும் இல்லை. நான் அவள் பக்கத்தில் குந்தினேன். வீட்டுக்காரர் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் கேட்காமல் அவரும் குந்தினார். எறும்புகள் இறக்கையோடு ஒரு வேரைச் சுற்றிப்போக வழி தெரியாமல் வெகுநேரம் தடுமாறின. மூன்றே கால் பஸ் போய்விட்டது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் புதுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஓடலாம், களைத்தால் அவளே உட்காருவாள், கட்டாயப்படுத்த வேண்டாம், உதடு கறுத்தாலோ மயக்கம் வந்தாலோ உடனே இந்த நம்பருக்கு. அடிக்கோடு போடவில்லை. போடாமல் இருக்கச் சிரமப்பட்டேன். பி.டி. சார் வாங்கிப் படித்துவிட்டு, "போன வருஷம் எழுதினதும் நீங்கதானே மேடம்?" என்று மட்டும் கேட்டார். முதல் வாரமே முழங்காலில் சிராய்ப்போடு வந்தாள். அதைப் பார்த்து அத்தை அழுதார். நான் மருந்து போடுகிற சாக்கில் நகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

பஸ்ஸில் நடந்ததை வீட்டில் சொல்லவில்லை. ஆனால் நேற்று ஆடி வெள்ளி. அத்தை அம்மியில் மருதாணி அரைத்தார், கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் வைத்து. இந்த மருதாணியில் எங்களுக்குள் ஒரு பழைய வழக்கு உண்டு. கருவி சரியாகக் காட்டாது, நகப்பூச்சு போடாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருதாணியை நானாகச் சேர்த்துக்கொண்டேன். நிறம் ஏறினால் எனக்கு நகம் தெரியாதே. ஆறு வருடமாக அத்தை உள்ளங்கையில் மட்டும் ஒரு வட்டம் வைத்து, விரல்நுனியை விட்டுவிடுவார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. நேற்றும் வட்டம் வைத்துவிட்டு, பழக்கத்தில் நிறுத்தினார். பாப்பா விரலை நீட்டிக்கொண்டே இருந்தாள். "விரலுக்குத் தொப்பி வை ஆயா. எல்லாருக்கும் வெச்சிருக்காங்க." அத்தை என்னைப் பார்த்தார். நான் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

பத்து விரலுக்கும் தொப்பி வைத்து, நூல் சுற்றி, துணி கட்டி, கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தூங்கினாள். இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. பழக்கத்தில் கையைத் தேடினேன், துணி மூட்டைதான் தட்டுப்பட்டது. நெஞ்சில் கை வைத்தேன். பழைய உறுமல் இல்லை. வேறு ஒரு சத்தம், போய்ப் போய் வருகிற மாதிரி. கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். புழுக்கமாக இருக்கிறது என்று தூக்கத்திலேயே என் கையைத் தள்ளிவிட்டாள்.

காலையில் நான் சாதம் வடித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, கழுவிய கையை விரித்துக் காட்டினாள். "செவந்திருக்கா பாரும்மா." நல்ல சிவப்பு, நகத்தோரமெல்லாம் ஏறி, ஒன்றிரண்டு விரலில் கறுப்பாகவே போயிருந்தது. "அழகா இருக்கு" என்றேன். அதற்குள் அவள் ஆயாவிடம் காட்டப் போய்விட்டாள், ஓடித்தான். கஞ்சி வடியும் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு கொலுசுச் சத்தத்தைக் கேட்டேன். வாய் "மெ" என்று ஆரம்பித்தது.